இரண்டு சட்டியில் ஓர் ஆமணக்கு

விடுதியில் எங்களுக்குச் சமைத்துப் போட்ட கம்மாபுரத்து அம்மாவுக்கும் அக்காவுக்கும் தினமும் ஒரு வழக்கு நடக்கும். அம்மா தட்டில் சோற்றைப் போடுவார். அக்கா நின்ற இடத்திலேயே கரண்டியைக் கேட்டு வாங்கி, சோற்றை நடுவில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் குண்டானில் திருப்பிப் போட்டுவிட்டு, மறு பாதியோடு போய் உட்காருவாள். அரிசிக்கு ஊரே அலைந்துகொண்டிருந்த அறுபதுகளின் நடுப்பகுதி அது. வாரத்தில் மூன்று நாள் எங்களுக்குக் கோதுமைச் சோறுதான். மற்ற எல்லோரும் இன்னொரு கரண்டி கிடைக்குமா என்று குண்டானையே பார்த்துக்கொண்டிருப்போம்.

"தட்டுல போட்ட சோத்த திருப்பிப் போடுறவள நான் எங்கயும் பாத்ததில்ல. என் கை சமையல் அவ்ளோ மட்டமாவா இருக்கு?" என்று அம்மா சத்தம் போடுவார்.

"நல்லாத்தாம்மா இருக்கு. எனக்குப் பாதி போதும்."

"நீ வயிறு நெறைய சாப்புட்டு நான் ஒரு நாளாவது பாக்கணும் பாப்பா. அதுக்கப்புறம் நான் செத்தாலும் சரி."

அக்கா என்று சொல்கிறேனே தவிர, உறவு ஒன்றும் கிடையாது. என்னைவிட மூன்று வயது மூத்தவள், அவ்வளவுதான். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அதை எழுதுகிற தகுதி எனக்கு இல்லை; ஏன் என்பது முடிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே, உப்பங்கழிப் பக்கம் போகிற சாலையில் அப்போது ஒரு சின்னப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. இன்று அந்தக் கட்டடம்கூட இல்லை. உப்புத் தண்ணீரையும் வறட்சியையும் பயிர் எப்படித் தாங்குகிறது என்று பார்ப்பது அங்கே வேலை. அக்கா ஆராய்ச்சி உதவியாளர். நான் புட்டி கழுவி, எடை போட்டு, அளவு குறித்து வைக்கிறவள். இரண்டு பேருக்குமே தற்காலிக வேலை. என் ஊர் காட்டுமன்னார்கோயில் பக்கம், வீராணத்துத் தண்ணீரில் நெல் விளைகிற ஊர். வேலை போனால் அடுத்த முகூர்த்தத்தில் யாருக்காவது கழுத்தை நீட்ட வேண்டியதுதான். அக்காவுக்குக் கடலூர். கெடிலம் கடலில் சேர்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பம். அவள் அப்பா கட்டுமரத்தில் போய்த் திரும்பாமல் போனவர். அம்மா தலையில் மீன்கூடை சுமந்து வீதி வீதியாக விற்று அவளைப் படிக்க வைத்தார். அந்த அம்மாவுக்கு இப்போது கண் மங்கிக்கொண்டு வந்தது.

அக்கா கறுப்பு, உயரம், எலும்பு தெரிகிற உடம்பு. சிரித்தால் அழகாக இருப்பாள். ஆனால் அதையும் பாதியில் நிறுத்திவிடுவாள். எனக்கு அப்படி இல்லை. எனக்கு வாய் ஜாஸ்தி. விடுதியில் பல் விளக்குகிற நேரத்தில் தொடங்கினால் ஆய்வகத்துக் கதவு வரை ஓயாது. "ஒனக்கு மூச்சு வாங்காதா புள்ள?" என்று கேட்பாள். அவள் பங்குக்கும் சேர்த்து நான் பேசுகிறேன் என்பேன்.

எல்லா நாளும் அவள் பாதி எடுத்து வைப்பதில்லை என்பதை நான் கண்டுபிடிக்க ஆறு மாதம் ஆயிற்று. காலையில் எழுந்ததும் ஜன்னலோரம் நின்று கம்பிக்கு வெளியே கையை நீட்டுவாள். வாடை வீசினால் அன்று தட்டில் பாதி. காற்று மாறி அடித்தால் முக்கால். முழுத் தட்டு என்பது எந்தக் காற்றுக்கும் கிடையாது. ஒரு நாள் விடாப்பிடியாகக் கேட்டேன்.

"வாட அடிச்சா கட்டுமரம் எறக்க மாட்டாங்க. மீனு இல்லன்னா எங்கம்மாவுக்குக் கூடை இல்ல. கூடை இல்லன்னா சோறு இல்ல."

"அதுக்கு நீங்க இங்க பாதி தின்னா அவுங்களுக்கு அங்க வயிறு நெறைஞ்சிடுமா?"

"நெறையாது."

"அப்புறம் ஏன்?"

"எறங்க மாட்டேங்குது. நான் என்னா செய்ய?"

இருபது, இருபத்தைந்து மைலுக்கு அப்பால் ஓர் அடுப்பு எரியவில்லை என்றால் இங்கே இவளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அந்த வயதில் எனக்கு அது வேஷம் மாதிரிகூடத் தோன்றியது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அவளுக்கு எதையும் முன்னாலேயே மூடிவிடுகிற குணம். விடுதிக் கிணற்றில் சித்திரையில் தண்ணீர் இறங்கும் என்றால், இவள் மாசியிலேயே குளிக்கிற தண்ணீரைப் பாதியாக்கிவிடுவாள். ஒருமுறை இலையின் அடிப்புறத்தை அச்செடுக்க அவள் நெயில் பாலிஷ் வாங்கி வந்தாள். இலையில் தடவி, காய்ந்ததும் உரித்து, கண்ணாடியில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது ஒரு வழி. மேஜையில் சிவப்புப் புட்டிகளைப் பார்த்த விடுதிக்காரிகள், இவளுக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று கிசுகிசுக்க ஆரம்பித்தார்கள். நானாக இருந்தால் நாலு பேரைக் கூட்டி வைத்துக் கத்தியிருப்பேன். அக்கா மறுநாளிலிருந்து கூடத்தில் உட்காருவதையே விட்டுவிட்டாள். யாரும் எதுவும் கேட்கும் முன்பே கதவைச் சாத்திக்கொண்டாள்.

"வாடினப்புறம் மூடி என்னா ஆவப்போவுது? தண்ணி இருக்கறப்பவே மூடிக்கணும்" என்பாள். ஆமணக்குச் செடியைப் பற்றிப் பேசும்போதும் அதையே சொல்வாள்.

அந்த ஆமணக்குகள்தான் அவள் ஆராய்ச்சி. முளைத்த கன்றின் ஆணிவேர் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கவேர்கள் கொத்தாகக் கிளம்பும். அந்தக் கொத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வலது சட்டியிலும் மறு பாதியை இடது சட்டியிலும் இறக்கி நடுவாள். சட்டிகள் இரண்டையும் கயிற்றால் சேர்த்துக் கட்டியிருப்பாள். மேலே ஒரே தண்டு, ஒரே செடி. கீழே இரண்டு வீடு. வலது சட்டிக்குத் தினமும் தண்ணீர். இடது சட்டிக்கு ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. இப்படிப் பன்னிரண்டு செடிகள் ஓலைக்கூரைக்குக் கீழே வரிசையாக நிற்கும்.

இலைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வாய்கள் இருக்கின்றன. செடி அவற்றின் வழியாகத்தான் மூச்சு விடுகிறது, ஈரத்தையும் விடுகிறது. அவை திறந்திருக்கின்றனவா என்று பார்க்க ஒரு நீலக் காகிதம் உண்டு. இலையில் ஒட்டினாற்போல் வைத்துக் கிளிப் போட வேண்டும். வாய் திறந்திருந்தால் ஈரம் பட்டுக் காகிதம் ரோஜா நிறமாகும். மூடியிருந்தால் நீலமாகவே இருக்கும். தினமும் உச்சி வெயிலில் அக்கா காகிதம் வைப்பாள், நான் கடிகாரம் பார்த்து எழுதுவேன்.

இடது சட்டி காய்ந்து பத்துப் பன்னிரண்டு நாளானதும் காகிதங்கள் நீலமாகவே நின்றன. ஆச்சரியம் அதில் இல்லை. இலைகள் வாடவே இல்லை. வலது சட்டியிலிருந்து போதுமான தண்ணீர் மேலே போய்க்கொண்டுதான் இருந்தது. இலை விறைப்பாக, பச்சையாக இருந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டது.

"தண்ணி கொறையல. ஆனா மூடிக்கிச்சு. அப்ப காய்ஞ்ச வேருதான் ஏதோ சொல்லி அனுப்புது" என்றாள் அக்கா.

காய்ந்த வேரைப் பிழிந்து எடுத்த சாற்றில், நன்றாகத் தண்ணீர் குடித்த வேறொரு செடியின் இலைக்காம்பை வைத்துப் பார்த்தாள். அந்த இலையும் மூடிக்கொண்டது. ஏதோ ஒரு பொருள், துளியிலும் துளி, கீழேயிருந்து மேலே போகிறது. பல வருடங்கள் கழித்து, அப்படி ஒரு பொருள் உண்டு என்றும், அப்சிசிக் அமிலம் என்று அதற்குப் பெயர் என்றும், காய்கிற வேரிலிருந்து அது இலைக்குப் போகிறது என்றும் படித்தேன். அன்று எங்களிடம் அதற்குப் பெயர் இல்லை. அக்கா நோட்டில் 'சேதி' என்று மட்டும் எழுதியிருந்தாள்.

எங்கள் தலைமை அதிகாரியைப் பெரிய சார் என்போம். அவருக்கு இது வேடிக்கையாக இருந்தது. "வேரு என்னம்மா, தந்தி அடிக்குதா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார். இருந்தாலும், ஆடிப் பெருக்குக்கு மறுநாள் வெளியூரிலிருந்து வரவிருந்த நிபுணரிடம் காட்டச் சம்மதித்தார். நிபுணர் நன்று என்று எழுதினால் அக்காவின் வேலை நிரந்தரமாகும். நிரந்தரமானால் நிலையத்துக்குப் பின்னால் காலியாகக் கிடந்த இரண்டு அறை வீடு கிடைக்கும்.

அந்த வீடுதான் அவளுக்கு எல்லாமும். வேலையைவிட, ஆராய்ச்சியைவிட அதுதான். முந்தைய ஐப்பசியில் கடல் அவர்கள் குடிசை வாசல் வரைக்கும் வந்து போயிருந்தது. முன்வரிசைக் குடிசை. கண் தெரியாத அம்மாவை அடுத்த மழைக்காலத்துக்குள் அங்கிருந்து கொண்டுவந்துவிட வேண்டும் என்று அலைந்தாள். சிதம்பரத்தில் மூன்று தெருவில் வாடகை வீடு கேட்டுப் போனோம். நானும் கூடப் போனேன். அம்மா என்ன செய்கிறார் என்று கேட்பார்கள். மீன் விற்கிறார் என்று அக்கா மறைக்காமல் சொல்வாள். உடனே வீடு காலியில்லை என்பார்கள். மூன்றாவது வீட்டில் பூட்டு தொங்கிக்கொண்டிருக்கும்போதே காலியில்லை என்றார்கள்.

ஒரு நாள் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அந்த இரண்டு அறை வீட்டைக் காட்டினாள். அதற்குள்ளேயே பெருக்கி வைத்திருந்தாள். "இந்த ஜன்னலண்ட அம்மாவுக்குப் படுக்க. கெணறு பத்தடிதான், கயித்தப் புடிச்சுக்கிட்டே போய் வந்துடும். இங்க ஒரு கல்லு போட்டுட்டா ஒக்காந்து மீனு ஆயும்." பேசிக்கொண்டே போனாள். அவள் வாய் விட்டுச் சிரித்து, அதைப் பாதியில் நிறுத்தாமல் நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

ஆடி பதினேழாம் தேதி குப்பத்திலிருந்து ஆள் வந்தது. அம்மா வாசலில் தடுக்கி விழுந்து நெற்றியில் அடியாம். அக்கா சாயங்கால பாசஞ்சரில் புறப்பட்டாள்.

"நாளன்னிக்குக் காலைல வந்துடுவேன். எடது சட்டில ஒரு சொட்டுப் படக்கூடாது புள்ள. மழ தூறுனாலும் சாக்க எடுத்துப் போத்திடு."

"நான் பாத்துக்குறேன், நீங்க போங்க அக்கா."

மறுநாள் ஆடிப் பெருக்கு. விடுதிப் பெண்களோடு கொள்ளிடத்துக்குப் போனேன். ஆறு செம்மண் நிறத்தில் கரைதொட்டு ஓடியது. படையல் போட்டு, காதோலை கருகமணி விட்டு, ஒருவருக்கொருவர் கையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டோம். புதுத் தண்ணீரை ஒரு குடத்தில் மொண்டு இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் ஊரில் அன்று கொண்டுவந்த தண்ணீரை வீட்டில் இருக்கிற எல்லாச் செடிக்கும் ஊற்றுவார்கள். ஒன்றைக்கூட விட மாட்டார்கள். பெருக்கன்று காயப்போட்ட செடி குடும்பத்துக்கு ஆகாது என்பார் என் அம்மா.

ஆய்வு நிலையத்தில் அன்று விடுமுறை. நான் மட்டும் ஓலைக்கூரைக்குக் கீழே குடத்தோடு நின்றேன். வலது சட்டிகளுக்கு ஊற்றினேன். இடது சட்டிகளில் மணல் வெளுத்துக் காய்ந்து கிடந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. அக்கா சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் இது கிணற்றுத் தண்ணீர் இல்லையே, பெருக்குத் தண்ணீர் ஆயிற்றே என்று மனசு சொன்னது. இதைக் கணக்கில் சேர்ப்பார்களா? நாளைக்கு அந்த மனிதர் நல்லபடியாக எழுதட்டும், அக்காவுக்கு அந்த வீடு கிடைக்கட்டும், அவள் அம்மா வந்து ஜன்னலோரம் படுக்கட்டும் என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டுதான் ஒவ்வொரு சட்டிக்கும் கைகொள்ள ஊற்றினேன். குடத்தில் மிச்சம் இருந்தது. பெருக்குத் தண்ணீரைத் திரும்பக் கொண்டுபோகக் கூடாது. அதையும் பங்கு போட்டு ஊற்றிவிட்டு, குடத்தைக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

பத்தொன்பதாம் தேதி அக்கா நேராக ரயிலடியிலிருந்து வந்தாள். நிபுணர் அதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டார். சட்டிகளைத் தொட்டுப் பார்க்க அவளுக்கு நேரம் இல்லை. உச்சி வெயிலில் காகிதங்களை வைத்தாள். எல்லோரும் நின்றோம். கொஞ்ச நேரத்தில் ஓரத்துச் செடியின் காகிதம் வெளிறியது. பிறகு அடுத்தது. பன்னிரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக ரோஜா நிறமாயின. அத்தனை வாயும் திறந்திருந்தன.

"என்னம்மா, தந்தி ஆபீஸ் இன்னிக்கு லீவா?" என்றார் பெரிய சார். நிபுணர் மெதுவாகச் சிரித்தார்.

அக்கா குனிந்து இடது சட்டியில் விரலை விட்டாள். மேலே மெல்லிசாக, செம்மண் நிறத்தில், வண்டல் படிந்து ஏடாகக் காய்ந்திருந்தது. எங்கள் சட்டிகளில் கடற்கரை மணல் மட்டும்தான். அந்த ஏட்டை விரலால் எடுத்துப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு என் மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தாள்.

நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். நான்தான் ஊற்றினேன் சார். நாள் முழுக்க நிறுத்தாமல் பேசுகிறவள், அந்த ஒரு வாக்கியத்துக்கு ஊமையாக நின்றேன். வேலை போய்விடும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், அப்பா பார்த்து வைத்திருக்கிற ஒரு ரைஸ்மில்காரனுக்குக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். அவ்வளவும் அந்த ஒரு நொடியில் தலைக்குள் ஓடியது.

"சட்டில ஈரம் இருந்திருக்கு சார். என் கவனக்கொறவுதான்" என்றாள் அக்கா.

"அப்ப இத்தன மாசமா நீ எழுதினதெல்லாம் எந்த லட்சணத்துல இருக்கும்?"

இன்னும் பதினைந்து நாள் கொடுத்தால் மறுபடி காட்டுவதாகச் சொன்னாள். நிபுணருக்குச் சாயங்காலம் ரயில் இருந்தது. நம்பத்தகுந்ததாக இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வேலை மார்கழியோடு முடியும் என்று கடிதம் வந்தது. பின்னால் இருந்த வீட்டை, புதிதாக வந்த டிராக்டர் டிரைவருக்குக் கொடுத்தார்கள். அவர் மனைவி அந்த ஜன்னலில் வரட்டி அடுக்கி வைத்தாள்.

மூன்று மாதத்துக்கு மேல் தினமும் அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என்னிடம் அவள் காட்டிய முகம் கொஞ்சமும் மாறவில்லை. அதுதான் என்னைத் தின்றது. தலைக்குக் குளித்தால் முன்போலவே என் முடியைச் சிக்கெடுத்து விடுவாள்.

ஆவணியில் விடுதி மேற்பார்வைக்கார அம்மா ஒரு வரன் கொண்டுவந்தார். பரங்கிப்பேட்டையில் பள்ளி ஆசிரியர், நல்ல மாதிரி. முன்கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "எல்லாம் சம்மதந்தாங்க. கல்யாணத்துக்கப்புறம் குப்பத்துப் போக்குவரத்த மட்டும் விட்டுடணும். எங்க வூட்டுல பெரியவங்க இருக்காங்க பாருங்க" என்றார் அவர். அக்கா பாதி காபியோடு டம்ளரைக் கீழே வைத்தாள். அதோடு சரி.

அதற்கு அடுத்த வாரம் அவள் கடைசியாக ஒரு சோதனை செய்தாள். செடிகள் திரும்பக் காய்ந்து, இலைகள் மறுபடி வாயை மூடியிருந்தன. ஆறு செடிகளில், காய்ந்த பக்கத்து வேரைப் பிளேடால் தண்டை ஒட்டி வெட்டி எடுத்தாள். இடது சட்டியே இல்லை என்று ஆக்கினாள். வலது சட்டியில் அதே மணல், அதே அளவு தண்ணீர். இரண்டாம் நாள் உச்சி வெயிலில் அந்த ஆறு செடிகளின் காகிதமும் ரோஜா நிறமாயிற்று. வெட்டாத ஆறும் நீலமாகவே நின்றன.

நான் குதித்தேன். "நிரூபிச்சிட்டீங்க அக்கா! தண்ணி கொறஞ்சு மூடலன்னு ஆயிடுச்சே. சேதி சொல்லுற வேரு போனதும் தொறந்துக்கிச்சே!"

அவள் வெட்டிய வேரைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆமாம் புள்ள. இது போனா அது நல்லாயிடுது. அது என்னா நல்லாயிருக்கிறது?" என்றாள். பெரிய சாரிடம் நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வேரை வெட்டினால் செடி தேறுகிறது என்று எந்த ஊரில் சொல்வார்கள் என்று அவர் அதைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தார்.

ஐப்பசிக் கடைசியில் ஒரு நாள் காலை அக்கா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள், உடனே உள்ளே இழுத்துக்கொண்டாள். அன்று தட்டையே எடுக்கவில்லை. கம்மாபுரத்து அம்மா திட்டுவதற்குக்கூட மறந்து அவளைப் பார்த்தார். மத்தியானத்துக்குள் வானம் இருண்டது. பிறகு இரண்டு நாள் காற்றும் மழையும். மரங்கள் விழுந்து, கம்பிகள் அறுந்து, கடலூர்ப் பக்கத்துச் செய்தி எதுவும் வரவில்லை. ரயில் இல்லை. அக்கா மூன்றாம் நாள் விடிந்ததும் ஒரு பையோடு நடந்தே கிளம்பினாள். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள்.

பதினாறாம் காரியம் முடித்துவிட்டுத்தான் வந்தாள். சாவியை ஒப்படைத்து, அறையைக் காலி செய்ய வந்திருந்தாள். நான் கேட்காமலே இரண்டு மூன்று வரியில் சொன்னாள். "முன்வரிசையில ஒரு குடிச இல்ல. எல்லாரும் மேட்டுப் பக்கம் ஓடியிருக்காங்க. கண்ணு தெரியாதது எந்தப் பக்கமின்னு ஓடும்? கடலப் பாத்தே ஓடியிருக்கு. கெடிலத்து முகத்துவாரத்துல முள்ளுக்காட்டுல கெடந்துச்சு."

நான் அவள் காலைக் கட்டிக்கொண்டேன். நான்கு மாதம் அடைத்து வைத்ததெல்லாம் வந்தது. "அன்னிக்குத் தண்ணி ஊத்துனது நான்தான் அக்கா. நான் ஊத்தலன்னா ஒங்கம்மா இங்க இருந்திருப்பாங்க."

"தெரியும் புள்ள. வண்டலு கெடந்துச்சே."

"ஏன் அக்கா அன்னிக்கே சொல்லல?"

"சொன்னா ஒன்ன ஊருக்கு அனுப்பிடுவாங்க. எனக்குப் போவ ஒரு குப்பமாவது இருந்துச்சு." என்னைத் தூக்கி நிறுத்தினாள். "கேடு நெனச்சா ஊத்துன? வேண்டிக்கிட்டுத்தான ஊத்துன?"

அவள் என்னை அடித்திருக்கலாம். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சாப்பாட்டு மணி அடித்தது. "வா, சாப்புடலாம்" என்று அவளே எழுந்து போனாள். வெளியே வாடை விடாமல் வீசிக்கொண்டிருந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. தட்டை நீட்டினாள். கம்மாபுரத்து அம்மா சோற்றைப் போட்டுவிட்டுப் பழக்கத்தில் கரண்டியை அவள் பக்கம் நீட்டினார். அக்கா கரண்டியை வாங்கவில்லை. தட்டை அப்படியே எடுத்துக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்து, குழம்பை ஊற்றிப் பிசைந்து, சீராக, நிறுத்தாமல் சாப்பிட்டாள். தொண்டையில் எதுவும் அடைக்கவில்லை. தட்டில் ஒரு பருக்கை மிச்சம் இல்லை. பிறகு எழுந்து போய் இன்னொரு கரண்டி கேட்டாள்.

காய்ந்த வேரை வெட்டிய அந்த ஆறு செடிகளின் காகிதங்களும் என் கண்முன்னால் நிறம் மாறின.

கம்மாபுரத்து அம்மாவுக்குக் குப்பத்து விஷயம் எதுவும் தெரியாது. அவர் முகமெல்லாம் சிரிப்பாகச் சோற்றை அள்ளிப் போட்டுவிட்டு, அடுப்படியில் இருந்தவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இங்க வந்து பாருடி. எங்க பாப்பா இன்னிக்குத்தான் வயிறு நெறைய சாப்புடுது."